1635இல் கப்பலேறியதாகச் சொல்லப்படும் ஆங்கிலேய முன்னோர்: ஆவணத்தோடு உறுதி செய்வது எப்படி?

வேர்த்தடம் (கேள்வி):

வணக்கம். மகளின் கணவர் அமெரிக்கர். அவருடைய தந்தைவழி வம்சாவளியைப் பேரப்பிள்ளைகளுக்காகத் தொகுத்துவருகிறேன். உறுதியாகக் கையில் இருப்பது 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைதான். அதில் குடும்பம் ஒஹையோவில் இருக்கிறது. குடும்பத் தலைவர் பிறந்தது நியூயார்க் மாநிலம். அதற்கு மேலே உள்ளதெல்லாம் இணையத்தில் பிறர் ஏற்றிவைத்த குடும்ப மரங்கள். அவை மேற்கு நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் என்று பின்னோக்கிப் போய் ஜான் என்பவரில் முடிகின்றன. குடும்பப் பெயர் மிகச் சாதாரணமானது, அதனால் இங்கே போடவில்லை. 1612இல் சஃபோக்கில் பிறப்பு, 1635இல் ஹோப்வெல் கப்பலில் வருகை, மனைவி மேரி, 1687இல் மாசசூசெட்ஸின் மிடில்செக்ஸ் கவுண்டியில் இறப்பு என்று எல்லா மரங்களிலும் ஒரே வாசகம். ஆதாரம் என்ற இடத்தில் இன்னொரு மரத்தைத்தான் காட்டுகிறார்கள்.

கப்பல் பட்டியலை நேரடியாகப் பார்க்க முடியுமா? பட்டியலில் இருப்பவர்தான் இந்த ஜான் என்று எதை வைத்துச் சொல்வது? இங்கிலாந்தில் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? மரபணுச் சோதனை செய்தால் இதெல்லாம் முடிந்துவிடுமா?


சுவடியாள்:

கப்பலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நியூ இங்கிலாந்து வம்சாவளிகள் பெரும்பாலும் அறுந்து கிடப்பது அட்லாண்டிக்கில் அல்ல, 1780க்கும் 1850க்கும் நடுவில். உங்கள் விஷயத்தில் மேற்கு நியூயார்க்தான் அந்த இடம். அங்கே ஒரு தந்தையைத் தவறாகப் பிடித்துவிட்டால், அதற்கு மேலே எட்டுத் தலைமுறைக்கு அருமையான ஆவணம் இருந்தாலும் அது வேறொருவர் குடும்பம்.

ஏன் அங்கே அறுகிறது என்றால், 1790 முதல் 1840 வரையான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும் வருவது 1850இல். அதிலும் யார் யாருக்கு என்ன உறவு என்ற பத்தி கிடையாது, அது 1880இல்தான் வருகிறது. நியூயார்க்கில் மாநில அளவிலான பிறப்பு இறப்புப் பதிவு 1880ஐ ஒட்டித்தான் தொடங்கியது. ஆகவே பிறப்புச் சான்றிதழைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தேட வேண்டியது இவற்றை. ஒஹையோவுக்குப் போனவரின் அண்ணன் தம்பி யாராவது நியூயார்க்கிலேயே தங்கியிருந்தால், 1855 நியூயார்க் மாநிலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அதில் பிறந்த கவுண்டி, தலைவருக்கு உறவு, அந்த ஊரில் எத்தனை ஆண்டு என்ற மூன்றும் உண்டு. உங்கள் ஆளுக்குக் கிடைக்காத பிறந்த இடம் உடன்பிறந்தவரின் வரியில் கிடைக்கும். 1799 முதல் 1804 வரையான நியூயார்க் வரிப் பட்டியல்கள் குடும்பம் எந்த ஆண்டில் எந்த ஊருக்கு வந்தது என்பதைக் குறுக்கித் தரும்.

தாத்தா அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட வயதினர் என்றால் ஓய்வூதியக் கோப்பு ஒரு புதையல். 1818 சட்டம் வறுமையில் இருந்தவர்களுக்கு, 1832 சட்டம் ஆறு மாதமாவது பணியாற்றிய எவருக்கும். 1832 விண்ணப்பத்தில் பிறந்த ஊர், ஆண்டு, போருக்குப் பின் எங்கெங்கே குடியிருந்தார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்திருப்பார்கள். விதவைகள் 1836க்குப் பிறகு விண்ணப்பித்த கோப்புகளில் திருமணத்துக்கு ஆதாரமாகக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து இணைத்திருப்பது உண்டு. பெயர் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், கோப்பின் எல்லாப் பக்கங்களையும் திறந்து பாருங்கள்.

கனெக்டிகட்டுக்கு வந்ததும் 1850க்கு முந்தைய பிறப்பு, திருமணம், இறப்புக்கு பார்பர் தொகுப்பு இருக்கிறது. அது ஊர்ப் பதிவேடுகளிலிருந்து எடுத்த சுருக்கம்தான். முக்கியமான வரி என்றால் மூல ஏட்டின் படத்தோடு ஒப்பிட வேண்டும். இன்னொன்று, கனெக்டிகட்டில் நிலப் பத்திரங்கள் கவுண்டியில் இல்லை, ஊர் அலுவலகத்தில். உயில்களோ ப்ரோபேட் (இறந்தவர் சொத்தைப் பைசல் செய்யும் நீதிமன்றம்) மாவட்டத்தில். அந்த மாவட்டங்கள் காலப்போக்கில் பிரிந்துகொண்டே போனவை. 1740இல் இறந்தவரின் உயில் இன்றைய மாவட்டத்தில் இல்லையென்றால், இல்லை என்று பொருளல்ல. தாய் மாவட்டம் எது என்று பார்த்து அங்கே தேட வேண்டும். மாசசூசெட்ஸில் பத்திரமும் உயிலும் கவுண்டியிலேயே இருக்கும்.

ஃபேமிலிசெர்ச் தளம் இலவசம். கையெழுத்து ஆவணங்களையும் முழு வாசகமாகத் தேடும் வசதி அங்கே வந்திருக்கிறது. பத்திரப் பதிவிலும் உயில் பதிவிலும் உங்கள் ஆள் சாட்சியாக, பக்கத்து நிலக்காரராக, கடன்காரராக வரும் இடங்களெல்லாம் அதில் அகப்படும். பழைய பெயர் அட்டவணைகளில் விற்றவர், வாங்கியவர் இருவர் மட்டும்தான் இருப்பார்கள். குடும்பப் பெயரை ஐந்தாறு எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்.


கடல்கடந்தோன்:

சுவடியாள் சொன்ன வரிசையே சரி. ஆனால் கப்பல் கேள்விக்கும் பதில் வேண்டுமே, அதனால் இது.

பொதுவாக அக்காலக் குடியேற்றக்காரர்களுக்கு அமெரிக்கப் பக்கத்தில் வருகைப் பட்டியல் எதுவும் இல்லை. அமெரிக்க அரசு பயணிகள் பட்டியலைக் கேட்டு வாங்கத் தொடங்கியது 1820இல். இப்போது இருப்பதெல்லாம் இங்கிலாந்து துறைமுகங்களில் புறப்படும்போது எழுதியவை, அவற்றிலும் தப்பியது கொஞ்சம். 1634 இப்ஸ்விச், 1635 லண்டன், 1637 கிரேட் யார்மவுத், 1638 சவுதாம்ப்டன் என்று சிதறிய சில. இவற்றில் பெரியது 1635 லண்டன் பதிவேடு. மூலம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஈ 157/20 என்ற எண்ணில் இருக்கிறது. 1874இல் ஹாட்டன் அச்சிட்ட தொகுதியில் இதன் வாசகம் உண்டு. காப்புரிமை காலாவதியானது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் பெயரும் வயதும்தான். சில இடங்களில் தொழில், ஊர். அதோடு, பயணி இங்கிலாந்து திருச்சபையின் ஒழுங்குக்கு உட்பட்டவர் என்று பாதிரியாரிடமிருந்து சான்று கொண்டுவந்தார், அரசருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்தார் என்ற வாசகம். அந்தச் சான்று எந்த ஊர்ப் பாதிரியாருடையது என்று எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்குப் பொன். ஆனால் பலர் லண்டனின் ஸ்டெப்னி போன்ற இடங்களில் சான்று வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். எனவே அது பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஹோப்வெல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1635இல் அந்தப் பெயரில் இரண்டு பயணங்கள் நியூ இங்கிலாந்துக்குப் பதிவாகியுள்ளன. ஏப்ரலில் ஏறியவர்களுக்கு மாலுமித் தலைவர் வில்லியம் பண்டாக், செப்டம்பரில் ஏறியவர்களுக்குத் தாமஸ் பாப். மரம் போட்டவர்கள் எந்த ஹோப்வெல் என்று சொல்லவே இல்லை என்றால், அவர்கள் மூலத்தைப் பார்க்கவில்லை. இன்னொன்று, அதே பதிவேட்டில் வர்ஜீனியா, பார்படோஸ், செயின்ட் கிறிஸ்டோபர் என்று வேறு இடங்களுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களும் இருக்கிறார்கள். வர்ஜீனியாவுக்குப் போன 23 வயது ஜானை மாசசூசெட்ஸ் ஜான் தலையில் கட்டியிருக்கும் மரங்கள் நிறைய. பெயரும் வயதும் ஒத்துப்போவது மட்டும் ஆதாரம் ஆகாது. 1612 என்ற பிறந்த ஆண்டே இந்தப் பட்டியலில் இருக்கும் 23 என்ற வயதைக் கழித்து வந்ததாக இருக்கலாம். அப்படியானால் இரண்டு ஆதாரம் இருப்பதுபோல் தோன்றினாலும் இருப்பது ஒன்றுதான்.

1630இன் மேரி அண்ட் ஜான் கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் டார்செஸ்டர் ஊர்க்காரர்கள் எல்லோரையும் அதில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கப்பலுக்கு அக்காலப் பயணிகள் பட்டியலே இல்லை. புழங்குபவை எல்லாம் பின்னாளில் ஊகமாகச் சேர்த்தவை.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து ஹிஸ்டாரிக் ஜீனியலாஜிக்கல் சொசைட்டி 1988 முதல் நடத்தும் கிரேட் மைக்ரேஷன் ஆய்வுத் திட்டம். 1620 முதல் 1635 வரை நியூ இங்கிலாந்து வந்ததாக ஆவணம் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பு அதில் உண்டு: பூர்வீகம், வந்த ஆண்டு, முதலில் குடியேறிய ஊர், பிறகு மாறிய ஊர்கள், திருச்சபை உறுப்பினரானது, வாக்குரிமை பெற்றது, சொத்து, பிள்ளைகள், உறவுகள். உங்கள் ஜான் 1635இல் வந்தது உண்மையானால் அங்கே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த ஆண்டே சந்தேகத்துக்குரியது. இருந்து, பூர்வீகம் தெரியவில்லை என்று எழுதியிருந்தால் சஃபோக் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் குறிப்பு வெளியான பிறகு யாரேனும் கண்டுபிடித்திருக்கலாம். அப்படியென்றால் அச்சங்கத்தின் காலாண்டிதழில் கட்டுரையாக வந்திருக்கும், 1847இலிருந்து வெளிவரும் இதழ் அது.

எல்லோரும் வந்து நிலைத்துவிடவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 1640க்குப் பிறகு இங்கிலாந்தில் அரசியல் மாறியதும் கணிசமானோர் திரும்பிவிட்டார்கள். 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் சிறுவயதிலேயே பெற்றோரோடு இங்கிலாந்து போனவர்தான். பிறகு சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தார். ஆகவே 1635இல் ஏறிய ஜான் ஒருவர் 1645இல் திரும்பிப் போயிருக்க, அதே பெயரில் 1650இல் வந்த வேறொருவர் உங்கள் முன்னோராக இருக்கலாம். இடையில் உள்ள ஒவ்வொரு பத்தாண்டிலும் அவர் அங்கே இருந்தார் என்பதற்கு நிலப் பதிவோ, சபைப் பதிவோ, நீதிமன்றப் பதிவோ ஒன்றாவது வேண்டும்.


பத்திரப்பிரதி:

மாசசூசெட்ஸ் ஆவணங்களைப் படிக்கும்போது தேதியில்தான் முதலில் சறுக்குவோம். 1752 வரை ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். 1640 ஜூன் 5 திருமணம், 1640 மார்ச் 20 குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பார்த்தால், திருமணத்துக்கு முன்பே பிள்ளை என்று தோன்றும். அந்த மார்ச் நம் கணக்கில் 1641. ஒன்பதரை மாத இடைவெளி, எல்லாம் முறையாகவே இருக்கிறது. இந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளை 1640/41 என்று இரண்டு ஆண்டும் போட்டு எழுதுங்கள். பியூரிட்டன்கள் (நியூ இங்கிலாந்தில் குடியேறிய கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) மாதப் பெயர்களைத் தவிர்த்து எண்ணால் எழுதினார்கள். முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாவது பிப்ரவரி. "10.12.1638" என்றிருந்தால் 1639 பிப்ரவரி 10. இதை டிசம்பர் என்று ஏற்றியிருக்கும் மரங்கள் எக்கச்சக்கம்.

சீனியர், ஜூனியர் என்றாலே தந்தை மகன் என்று ஆகாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். கசின் என்று எழுதியிருந்தால் அண்ணன் மகனாக இருக்க வாய்ப்பு அதிகம், சன்-இன்-லா மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையாக இருக்கலாம், பிரதர் என்பது மைத்துனரையும் சபைச் சகோதரரையும் குறிக்கும். உயிலில் "என் இப்போதைய மனைவி" என்று வருவதால் முன்பு ஒருத்தி இருந்தாள் என்று முடிவுகட்ட வேண்டாம், அது அக்காலச் சட்ட வாசகம்.

1687இல் இறந்தார் என்கிறீர்கள். மிடில்செக்ஸ் ப்ரோபேட் கோப்பில் இல்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். 1686 முதல் 1689 வரை கவர்னர் ஆண்ட்ரோஸ் ஆட்சியில் ஐம்பது பவுனுக்கு மேற்பட்ட சொத்துகளின் ப்ரோபேட்டை பாஸ்டனுக்கு இழுத்துக்கொண்டார்கள். மிடில்செக்ஸ்காரருடைய உயிலும் சொத்துப் பட்டியலும் சஃபோக் கவுண்டி ஏட்டில் கிடக்கலாம். இது பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் சஃபோக், இங்கிலாந்தின் சஃபோக் அல்ல. இந்த இரண்டும் குழம்பித்தான் சஃபோக்கில் பிறந்தார் என்று ஆயிற்றா என்பதையும் பாருங்கள்.

மனைவி மேரியின் பிறந்த வீட்டுப் பெயருக்கு, 1700க்கு முந்தைய நியூ இங்கிலாந்து திருமணங்களை டோரே தொகுத்த பட்டியல் இருக்கிறது, சுமார் 37,000 தம்பதிகள். அதில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தால் அது உயிர்நாடி. மரங்களில் ஏற்றும்போது அந்தக் கேள்விக்குறியைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். உறுதி செய்ய, மேரியின் தந்தையுடைய உயிலில் மருமகன் பெயர் வரவேண்டும். அல்லது அவர் நிலத்தை வாரிசுகள் விற்கும் பத்திரத்தில் ஜானும் மேரியும் சேர்ந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட பத்திரங்கள் சாவுக்கு இருபது முப்பது ஆண்டு கழித்துக்கூடப் பதிவாகும். 1650 பத்திரத்தை 1650 ஏட்டில் மட்டும் தேடாதீர்கள்.


வேர்த்தடம்:

மிக்க நன்றி. பத்திரப்பிரதி சார் சொன்னபடி சஃபோக் கவுண்டி ப்ரோபேட்டில் தேடினேன், இருக்கிறது! உயில் இல்லை. சொத்துப் பட்டியலும் பங்கு உத்தரவும் உண்டு. விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு போக, மீதியை ஏழு பங்காக்கி, மூத்த மகனுக்கு இரண்டு என்று வருகிறது. மற்ற பிள்ளைகள் பெயர் இல்லை. மரங்களில் ஐந்து பிள்ளைகள்தான். விதவையின் பெயர் எலிசபெத், மேரி இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?


பத்திரப்பிரதி:

நல்ல ஆவணம். மாசசூசெட்ஸில் 1641 முதலே உயில் இல்லாமல் இறந்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. ஏழு பங்கில் இரண்டு அவருக்கு என்றால் மீதி ஐந்து பேர், ஆக ஆறு பிள்ளைகள். ஒரு பிள்ளை மரங்களில் இல்லை. ஒரு பிள்ளை தந்தைக்கு முன்பே இறந்து, அவருடைய பிள்ளைகள் அவர் பங்கைச் சேர்ந்து வாங்கியிருந்தாலும் அது ஒரு பங்காகத்தான் கணக்கில் வரும். எனவே ஆறு வாரிசுக் கிளைகள் என்று எழுதிவையுங்கள்.

விடுபட்டது பெரும்பாலும் மகளாக இருக்கும். கவுண்டிப் பத்திரங்களில் அந்த நிலத்தையே பின்தொடருங்கள். சொத்துப் பட்டியலில் வீட்டு மனை, புல்வெளி, காடு என்று தனித்தனியாக ஏக்கரோடு இருக்கும். அவற்றில் எந்தத் துண்டை யார் யார் சேர்ந்து விற்கிறார்கள் என்று பார்த்தால், வேற்றுக் குடும்பப் பெயருள்ள ஒருவர் மனைவியோடு ஒரு பங்கை எழுதிக்கொடுப்பார். அவர்தான் மருமகன். 14 வயது நிரம்பிய பிள்ளைகள் தங்கள் பாதுகாவலரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அந்த மனு கிடைத்தால் வயதும் கிடைக்கும்.

விதவை எலிசபெத் என்பது மரத்தில் இருக்கும் மேரி தவறு என்றோ, முதல் மனைவி என்றோ சொல்லலாம். இப்போதைக்கு இரண்டையும் முடிவுகட்ட வேண்டாம். ஞானஸ்நானப் பதிவுகளில் தாயின் பெயர் எந்த ஆண்டில் மாறுகிறது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒருவேளை ஊரில் இரண்டு ஜான்கள் இருந்து ஒருவர் மனைவி மேரி, இன்னொருவர் மனைவி எலிசபெத் என்றால், பிரித்தறிய நல்ல வழி கையொப்பம். ஒருவர் பெயரெழுதிக் கையெழுத்திடுவார், இன்னொருவர் வெறும் குறி போடுவார். பதிவேட்டுப் பிரதியில் எழுத்தர் குறியையும் வரைந்துகாட்டியிருப்பார். தொழிலும் உதவும். நெசவாளர் ஜான், தச்சர் ஜான் என்று பத்திரங்கள் பிரித்தே எழுதும்.


மரபிழை:

மரபணு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொதுவான ஆட்டோசோமல் சோதனை (தாய்வழி, தந்தைவழி எல்லா முன்னோரிடமிருந்தும் கலந்து வரும் மரபணுவைப் பார்ப்பது) இந்தத் தூரத்துக்கு எட்டாது. நான்காம் வழி ஒன்றுவிட்டவர்களிலேயே (ஃபோர்த் கசின்) ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அளக்கக்கூடிய பொதுத் துண்டு எதுவும் இருப்பதில்லை. 1635 என்பது அதைவிட வெகு தொலைவு. போதாக்குறைக்கு நியூ இங்கிலாந்து ஊர்களில் ஒரே சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து எடுத்தவை. பொருந்தும் துண்டு எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒஹையோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் உள்ள 1800ஐ ஒட்டிய இடைவெளிக்கு அது பயன்படும். வீட்டில் உயிரோடிருக்கும் மூத்த தலைமுறையைச் சோதியுங்கள், பிள்ளைகளை அல்ல.

ஜான் வரை எட்டுவது ஒய் குரோமோசோம். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, உங்கள் மருமகனின் தந்தைவழியே வேண்டியது என்பதால் பொருத்தம். முறை இது: ஜானின் இரண்டு வெவ்வேறு மகன்கள் வழியாக ஆவணத்தோடு வந்த ஆண் வாரிசுகள் இருவர் முன்பே சோதித்திருக்கிறார்களா என்று ஃபேமிலிட்ரீடிஎன்ஏ தளத்தின் குடும்பப் பெயர்த் திட்டத்தில் பாருங்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனால் அது ஜானின் கையொப்பம் மாதிரி. பிறகு மருமகன் 111 மார்க்கர் (ஒப்பிடும் மரபணுப் புள்ளிகள்) சோதனையோ பிக் ஒய்-700 சோதனையோ எடுத்து அவர்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும். சாதாரணக் குடும்பப் பெயர் என்பதால் 37 மார்க்கர் போதாது. ஒத்துப்போனாலும் அதே ஆண்வழி என்பதுதான் தெரியும். ஜானா, ஜானின் அண்ணனா என்று சொல்லாது. ஒத்துப்போகாவிட்டால் அதுவே பெரிய செய்தி, பல ஆண்டு வேலையை மிச்சப்படுத்தும்.


கரைசேராதவர்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். வர்ஜீனியா வழியென்றால் இதே முறைதானா?


கடல்கடந்தோன்:

இல்லை, வேறு உலகம். சபைப் பதிவும் ஊர்ப் பதிவும் நியூ இங்கிலாந்து அளவுக்குக் கிடையாது. கவுண்டி ஆவணங்களும் பல இடங்களில் எரிந்துபோயின. பாதுகாப்புக்கென்று ரிச்மண்டுக்குக் கொண்டுபோனவை 1865 தீயில் அழிந்தன. ஆகவே நில மானியங்களை நம்ப வேண்டும், அவை வர்ஜீனியா நூலகத் தளத்தில் படமாகவே இருக்கின்றன. ஓர் ஆளைக் கொண்டுவந்தால் ஐம்பது ஏக்கர் என்ற ஏற்பாட்டால், மானியத்தின் அடியில் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்கள் வரும். அந்த உரிமையை விற்கலாம், வாங்கலாம், ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்தலாம். எனவே மானியத் தேதி வந்த தேதி அல்ல, மானியம் பெற்றவர்தான் அழைத்துவந்தார் என்பதும் உறுதியல்ல. ஜார்ஜ் மெனிஃபி 1635இல் பெற்ற மானியத்தின் பட்டியலில் "டோனி, கிழக்கிந்தியர்" என்று ஒரு பெயர் உண்டு. ஆங்கிலேயர் மட்டுமே அதில் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

1625 தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று உண்டு. பலருக்கு வயது, வந்த கப்பல், ஆண்டு மூன்றும் கிடைக்கும். அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தக் கூலிகளுக்கு பிரிஸ்டல் நகரத்தின் 1654 முதல் 1686 வரையான பதிவேடு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். சொத்து விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. வர்ஜீனியாவில் 1785 வரை உயில் இல்லாமல் இறந்தால் நிலம் முழுதும் மூத்த மகனுக்கு. அதனால் உயில் எழுதியவர்கள்கூட மூத்தவனைக் குறிப்பிடாமல் விடுவதுண்டு. உயிலில் பெயர் இல்லை என்பதால் மகன் இல்லை என்று நீக்கிவிடாதீர்கள்.


எழுத்துக்கூட்டி:

வேர்த்தடம் அவர்களுக்கு, இங்கிலாந்துப் பக்கம் பற்றி. சஃபோக்கில் மட்டும் ஐந்நூறு அளவில் பாரிஷ்கள், அதாவது திருச்சபைப் பங்குகள். பெயரை வைத்து ஞானஸ்நானம் தேடினால் 1610க்கும் 1614க்கும் நடுவில் அதே பெயரில் பல குழந்தைகள் கிடைக்கும், பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளும் ஆபத்து அங்கேதான். ஜானைத் தேடாதீர்கள், அவர் கூட்டத்தைத் தேடுங்கள். குடியேறியவர்கள் பாதிரியாரைச் சுற்றியும் உறவைச் சுற்றியும் கூட்டமாகத்தான் வந்தார்கள். நார்ஃபோக்கின் ஹிங்கமிலிருந்து மாசசூசெட்ஸ் ஹிங்கம், யார்க்‌ஷயரின் ரௌலியிலிருந்து எசக்கியல் ராஜர்ஸ் பின்னே போன ரௌலி, எசெக்ஸின் நேசிங்கிலிருந்து ராக்ஸ்பரி என்று. ஜானுக்கு முதலில் மனை ஒதுக்கிய ஊரில் இரு பக்கத்து மனைக்காரர்கள், அவர் பத்திரங்களின் சாட்சிகள், சொத்தை மதிப்பிட்டவர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அவர்களில் பூர்வீகம் தெரிந்தவர்கள் எந்த ஊர்ப்பக்கமோ அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மைலுக்குள் முதலில் தேடுங்கள். சபைப் பதிவையும் விடாதீர்கள். ராக்ஸ்பரியில் பாதிரியார் ஜான் எலியட் உறுப்பினர்கள் வந்த ஆண்டையும் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்.

ஒரு ஞானஸ்நானம் பொருந்துவதாகத் தோன்றினால், முதலில் அந்தக் குழந்தையைச் சாகடிக்கப் பாருங்கள். அதே பாரிஷில் 1612 முதல் 1635 வரை அடக்கப் பதிவு முழுதும் வரிவரியாக. பிறகு 1635க்குப் பின்னும் அவர் இங்கிலாந்திலேயே திருமணம் செய்து பிள்ளை பெற்றிருக்கிறாரா என்று. சஃபோக்குக்கு 1639-40 கப்பல் வரி (கடற்படைக்காக ஊர்களிடம் வசூலித்தது) பட்டியல் பாரிஷ் வாரியாக இருக்கிறது, அதில் அந்தப் பெயர் அதே ஊரில் இருந்தால் பெரும்பாலும் அவர் கடல் கடக்கவில்லை. இரண்டிலும் தப்பினால்தான் நேரடி ஆதாரம் தேடுவது: தந்தையின், சித்தப்பாவின், மனைவி வீட்டாரின் உயிலில் "நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகன் ஜான்" என்ற ஒரு வரி. 1635 முதல் 1665 வரை பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்களே நிரூபித்தன, அவை நான்கு இடத்தில் பிரிந்து கிடக்கின்றன. சஃபோக்கின் மேற்குப் பகுதி என்றால் சட்பரி ஆர்ச்டீகன்ரி, கிழக்கு என்றால் சஃபோக் ஆர்ச்டீகன்ரி, இரண்டுக்கும் மேலே நாரிச் கன்சிஸ்டரி நீதிமன்றம், அதற்கும் மேலே கேன்டர்பரி ப்ரிராகட்டிவ் நீதிமன்றம். கடைசியில் உள்ளது கியூ காப்பகத்தில் ப்ராப் 11 என்ற வரிசை. 1653 முதல் 1660 வரை உள்ளூர் நீதிமன்றங்கள் மூடியிருந்ததால் எல்லா உயிலும் லண்டனில்தான் நிரூபிக்கப்பட்டன. பாரிஷ் ஏடுகள் உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1642 முதல் 1660 வரை ஓட்டையாக இருக்கும். அதற்கு முந்தைய ஏடே தொலைந்திருந்தால் 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப் அலுவலகத்துக்கு அனுப்பிய பிரதியைக் கேளுங்கள்.

அக்கால எழுத்தைப் படிக்கப் பழகாமல் அட்டவணையை நம்பக் கூடாது. அதில் சி பார்க்க ஆர் போல, இ தலைகீழாக, பெரிய எஃப்புக்கு இரண்டு சிறிய எஃப். எண்கள் ரோமன், கடைசி ஐ மட்டும் வாலோடு ஜே ஆகிவிடும். எட்டை அப்படி எழுதியிருப்பதைத் தொகுத்தவர்கள் ஏழு என்று எண்ணிவிடுவார்கள். லத்தீன் ஏட்டில் ஜேம்ஸ் ஜாகோபஸ் ஆகவும், ஜான் யோஹான்னஸ் ஆகவும் இருப்பார்கள். ஒரே பாதிரியார் எழுதிய பத்துப் பக்கத்தை முதலில் மெதுவாகப் படித்து, அவர் கையில் ஒவ்வொரு எழுத்தும் எப்படி வருகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு, பிறகு உங்கள் வரிக்குப் போங்கள்.

1900ஐ ஒட்டி அச்சான குடும்ப வரலாறு எதையாவது மரங்கள் காட்டினால் ஆசிரியர் பெயரைப் பாருங்கள். கஸ்டாவ் அஞ்சு என்றிருந்தால் அப்படியே ஒதுக்குங்கள். பணத்துக்குப் பூர்வீகம் புனைந்து விற்றவர் அவர். உண்மையான உயில்களோடு இல்லாத பாரிஷ் பதிவுகளைக் கலந்து கொடுப்பார், அதனால்தான் இன்னும் பலர் நம்புகிறார்கள். குடும்பச் சின்னம் அச்சிட்டிருப்பதும் ஆதாரம் இல்லை. சின்னம் தனிமனிதருக்கும் அவர் வாரிசுக்கும் வழங்கப்பட்டது, குடும்பப் பெயருக்கு அல்ல. விக்கிட்ரீ தளத்தில் உங்கள் ஜானுக்குப் பக்கம் இருந்தால், பெற்றோர் பகுதியில் சர்ச்சைக் குறிப்பு ஏதாவது உண்டா என்று பாருங்கள். 1700க்கு முந்தைய பக்கங்களைத் திருத்த அங்கே தனித் தகுதி வேண்டும், பியூரிட்டன் குடியேற்றத்துக்குத் தனிக் குழுவும் இருக்கிறது. முன்பு இணைத்துப் பிறகு நீக்கிய பெற்றோர் யார், ஏன் நீக்கினார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.


வேர்த்தடம்:

எழுத்துக்கூட்டி அம்மா, பக்கத்து மனைக்காரர் பட்டியல் போடத் தொடங்கிவிட்டேன். மதிப்பிட்ட மூவரில் இருவர் எசெக்ஸ்காரர்கள் என்று கிரேட் மைக்ரேஷன் குறிப்பு சொல்கிறது, சஃபோக் அல்ல. எசெக்ஸ் பாரிஷ் ஏடுகளை வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?


எழுத்துக்கூட்டி:

உண்டு. எசெக்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ் நடத்தும் எசெக்ஸ் ஆன்செஸ்டர்ஸ் சேவையில் பாரிஷ் ஏடுகளின் படங்களும் உயில்களின் படங்களும் இருக்கின்றன. சந்தா கட்ட வேண்டும். குறுகிய காலச் சந்தாவும் உண்டு. கட்டுவதற்கு முன் அவர்கள் அட்டவணையில் நீங்கள் கேட்கும் பாரிஷுக்கு எந்த ஆண்டிலிருந்து ஏடு தப்பியிருக்கிறது என்று இலவசமாகவே பார்க்கலாம். சில ஊர்களுக்கு 1640க்கு முன்பு எதுவுமே இல்லை. முதலில் அந்த இருவருடைய ஊர், அதை ஒட்டிய பாரிஷ்கள், 1605 முதல் 1636 வரை. ஜானின் மூத்த பிள்ளை கடல் கடக்கும் முன் பிறந்திருந்தால், தந்தையின் ஞானஸ்நானத்தைவிட அந்தப் பிள்ளையினுடையதைத் தேடுவது சுலபம். தந்தை பெயர், பிள்ளை பெயர், ஆண்டு மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்பதால் தவறான ஆள் உள்ளே வருவது குறையும். சில ஏடுகளில் தாயின் பெயரும் இருக்கும், அங்கே மேரியா எலிசபெத்தா என்பதும் தெரிந்துவிடும்.